திரி ஒட்டிய அட்டைகள்

ஏணி எங்கே இருக்கிறது என்பதுதான் மாரிசெல்விக்கு அந்த வருஷம் முழுக்க மண்டைக்குடைச்சல். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். "டீச்சர், நான் நாலாம் படிக்கு வந்துட்டேன்" என்பான் ஒருவன். "நான் ஆறு" என்பாள் இன்னொருத்தி. ஆனால் குரல்கள் என்னவோ தரையில், பாயிலிருந்தே வந்தன. ஆறு படி ஏறினவள் குரல் கூரை ஓட்டுக்கிட்டேயிருந்து அல்லவா வரவேண்டும்? இதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எம். புதுப்பட்டியிலிருந்து வெடிக் கம்பெனி வேன்கள் போகிற ரோட்டில், இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது அந்த ஊர். பேர் வேண்டாம், வீண் வம்பு. இரண்டாயிரத்து எட்டில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பெஞ்சையெல்லாம் தூக்கி ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரித்தார்கள். தட்டுகளில் அட்டைகளை அடுக்கினார்கள். முயல் போட்ட அட்டை, யானை போட்ட அட்டை என்று பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கவேண்டும். இரண்டு அட்டை முடித்தால் சுவரிலுள்ள ஏணியில் பேர் ஒரு படி ஏறும். நல்ல ஏற்பாடுதான், முயலையும் யானையையும் கண்ணால் பார்க்க முடிகிறவர்களுக்கு.

மாரிசெல்விக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வயசு எட்டு, மூன்றாம் வகுப்பு. பேர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று ஊருக்கே கேட்கச் சொல்வாள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவளுக்கு வேலை இல்லை. வியாழக்கிழமை மட்டும் வெளியூரிலிருந்து ஒரு டீச்சர் வந்து, அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் பிரெய்ல் புள்ளி எழுத்துப் பழக்குவார். ஆக, அவளுக்குப் பாடம் இருக்கும்போது அவள் வகுப்பில் இல்லை, அவள் வகுப்பில் இருக்கும்போது அவளுக்குப் பாடம் இல்லை. ரிஜிஸ்டரில் மட்டும் எல்லாம் சுத்தமாக இருந்தது.

அதனால் அவள் கனவில் ஏறினாள். சத்துணவுச் சாம்பார்சாதம் வயிற்றில் இறங்கி, வெயில் ஓட்டைச் சுடவைக்கும் நேரத்தில், சுவரில் சாய்ந்தால் போதும். ஏணி சுண்ணாம்பு வாசத்திலிருந்து தொடங்கும். முதல் படி வழவழவென்று இருக்கும். இரண்டாம் படியில் வேப்பங்காற்று முகத்தில் அடிக்கும். மூன்றாம் படியில் கால் வைத்தால், கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் எங்கோ கீழே, யாரோ கதவைச் சாத்தியதுபோல் கேட்கும். மேலேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி, அதே வகுப்பில் படிக்கும் மாரித்தாய் "வா பிள்ள" என்று கைநீட்டுவாள். நாலாம் படிக்குக் காலைத் தூக்கும்போது மணி அடித்துவிடும். தினமும் இதே கதை, ஒருநாள்கூட நாலாம் படியை அவள் தொட்டதில்லை.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் மாரித்தாயிடமே கேட்டுவிட்டாள். மாரித்தாய் அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். மெல்லிய தாள், நாலு மூலையிலும் குண்டூசி. விரல்கள் மேலும் கீழும் அலைந்தன. ஒரு படியும் தட்டுப்படவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். "ஏணி வெறும் தாளும்மா. அதுலயும் எம்பேரு இல்லையாம்."

அம்மா பேர் மாடத்தி. பதினாறு வருஷமாகக் கம்பெனியில் வெடிக்குத் திரி வெட்டுகிறவள். புருஷன் முனியசாமி வெடி லோடு லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாசமாகும். பெரிய சார், அதாவது தலைமையாசிரியர் சீனிவாசகம், அவளை இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மதுரையில இவ மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருக்கும்மா. அரைப்பரீட்சை லீவு முடிஞ்சதும் அனுப்பிருவோம். இங்கன சும்மா உக்காந்து என்ன செய்யப்போகுது?" அவர் கெட்ட மனுஷர் இல்லை. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாடத்தி தலையாட்டி வைத்திருந்தாள். ஆனால் அம்மாவின் வயிற்றில் கைபோடாமல் தூங்காத பிள்ளையை மதுரைக்கு எப்படி அனுப்புவது? வேண்டாம் என்று சொல்லலாம். அப்புறம் "இங்கன என்ன செய்யப்போகுது" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் வேண்டுமே.

மறுநாள் சாயங்காலம் மாரித்தாய் நாலு அட்டைகளைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மாடத்தி மைதாப் பசை காய்ச்சினாள். முதலில் தையல் நூலை எழுத்தின் மேல் ஒட்டிப் பார்த்தாள். அது பசையில் ஊறிப் படுத்துக்கொண்டது, விரலுக்கு அகப்படவில்லை. எழுந்துபோய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுகள், பச்சைத்தாள் சுற்றியவை. சொன்ன இடத்தில் வளையும், வளைத்தபடி நிற்கும். பதினாறு வருஷமாக நாள் முழுக்கக் கையிலேயே கிடப்பது. அது, உள்ளே வெடிமருந்து அடைத்த திரி என்பதே அவளுக்கு நினைப்பில் வரவில்லை.

"இது ம" என்பாள் மாரித்தாய். மாடத்தி வரிவடிவின் மேலேயே திரியை வளைத்து ஒட்டுவாள். "இது ர." அதையும் ஒட்டுவாள். முயலுக்கு இரண்டு நீளக் காது வைத்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தக் கைகள் இப்படித் தினம் தினம் எழுத்துகளின் மேல் ஊர்ந்தன. மாரிசெல்வி பக்கத்தில் படுத்துக்கொண்டு, பசை காயும் வாசத்தில், பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள், கேட்காமலேயே, மகள் பேரை ஒரு தனி அட்டையில் எழுதித்தர மாரித்தாயிடம் சொல்லி அதையும் ஒட்டினாள் மாடத்தி. ஏணியில் வைக்க.

வகுப்பு டீச்சர் ஷாஹிதா விருதுநகர்க்காரர், பருப்புக் கமிஷன் கடைக்காரர் மகள், இது முதல் வேலை. அட்டைகள் காணாமல்போவதும், பச்சை நூலோடு திரும்பி வருவதும் அவருக்குத் தெரியும். பேசாமல் விட்டுவிட்டார். நல்ல கலர் நூல் என்றே நினைத்தார். பிள்ளைகளுக்கோ அது என்னவென்று தெரியும். ஆனால் வீட்டில் விளக்குமாற்றைவிட அதிகமாகப் பார்க்கிற பொருளை யார் அதிசயமாகச் சொல்வார்கள்?

மாரிசெல்வி தட்டில் கைவிட்டு, முயல் காதைத் தடவி, தன் அட்டையைத் தானே எடுத்தாள். பாயில் வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். "ம... ர... ம்" என்றாள். இரண்டு வாரத்தில் ஏழு அட்டை முடிந்தது. மூன்றாம் படி தாண்டியாயிற்று. மற்றப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு அவள் அட்டையைத் தடவி வாசிக்கப் போட்டி போட்டார்கள், பாதிப்பேர் தோற்றார்கள். அவள் சிரித்த சிரிப்பில் ஷாஹிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டாம் அட்டை அவள் கையில் இருந்தபோது பெரிய சார் உள்ளே வந்தார். அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் வராந்தாவுக்கு வந்து, இன்று எந்தப் பிள்ளைகள் வரவில்லை என்று விசாரிக்கிறவர். அட்டையைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

"டீச்சர், இது திரி. சத்துணவு அடுப்பு பத்தடியில இருக்கு. எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்கலே."

மாரிசெல்வி கையிலிருந்து அட்டை உருவப்பட்டது. வாளி இழுபடும் சத்தம். பிறகு தண்ணீரில் ஒவ்வொன்றாக விழும் சத்தம். அவள் எண்ணினாள். எட்டு விழுந்தது. ஒன்பதாவதும் விழுந்தது. அது அவள் பேர்.

ஆள் அனுப்பி மாடத்தியைக் கம்பெனியிலிருந்து கூட்டிவந்தார்கள். பெரிய சார் எழுதி வைத்திருந்த தாளை மேஜைமேல் நகர்த்தினார். "ஒரு பொறி பட்டிருந்தா அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் யாரும்மா பதில் சொல்றது? இதுக்குத்தான் நான் சொன்னேன், இது இங்கன சரிப்படாதுன்னு. மதுரைக்கு எழுதியாச்சு, பிள்ள பேரும் போட்டாச்சு. கைநாட்டு வையி."

"அவ ஏழு அட்டை படிச்சிட்டா சார்" என்றார் ஷாஹிதா. பெரிய சார் மேஜை டிராயரை இழுத்தார்.

மை டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. மை வாசம் வந்தது. மாரிசெல்வி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேஷன் கடையில் அம்மா கைநாட்டு வைக்கும்போது அவள் கேட்டிருக்கிறாள். விரல் தாளில் அமுங்கிப் பிரியும் சின்னச் சத்தம். அதற்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது. நகம் தாளின்மேல் மெதுவாக ஊர்ந்தது. வளைந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. மாரிசெல்விக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். விரலால் வாசிக்கிறவர்கள் எழுப்பும் சத்தம் அது.

"மா" என்றாள் மாடத்தி. "ரி. செல்... வி." பிறகு, "இது எம்மக பேரு சார்."

"உனக்கு வாசிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். இந்தப் பேர நாந்தேன் ஒட்டுனேன். கை மறக்கல." மாடத்தி நிறுத்தவில்லை. "திரிய ஒட்டுனது தப்பு. பிள்ளைக எல்லாத்துக்கும் எமனாயிருக்கும், ஒத்துக்கிடுறேன். இனி அது எங்க வீட்டுக்குள்ளயே வராது. ஆனா தப்பு செஞ்சது நான் சார், அவ இல்ல. அவ இங்கன என்ன செய்யப்போறான்னு கேட்டீகள்ல? படிக்கிறா சார். எனக்கே ஒரு பேரு வாசிக்க வந்துருச்சு. இதுக்குக் கீழ நான் கைநாட்டு வைக்க மாட்டேன்."

சத்துணவு அடுப்பில் விறகு ஒன்று முறிந்தது. மை டப்பாவின் மூடி மெல்லச் சாத்தப்பட்டது.

"தீப்பெட்டி ஆபீஸ்ல வெள்ளைக் குச்சி கெடைக்கும்" என்றார் பெரிய சார், யாரையும் பார்க்காத குரலில். "மருந்து முக்காதது. அதுல ஒட்டு." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "டீச்சர், வியாழக்கிழமை வர்றவுகளையும் உள்ள, பாயிலயே உக்காரச் சொல்லுங்க. வராந்தாவுல என்ன வேலை?"

திங்கட்கிழமை வகுப்பு முழுக்க வெள்ளைக் குச்சியை ஒடித்து ஒட்டியது. முதலில் ஏணிக்குத்தான் படிகள் வைத்தார்கள், மாரித்தாயின் பிடிவாதம் அது. பிறகு மாரிசெல்வி புதிதாக ஒட்டிய எட்டாம் அட்டையை வாசித்தாள். குச்சி எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன, பசை விரலில் ஒட்டியது, இரண்டு தரம் தடுமாறினாள், முடித்துவிட்டாள்.

மத்தியானம் அவள் தூங்கவில்லை. சுவரருகே போய்க் கைவைத்தாள். சுண்ணாம்பு வாசம். ஒரு குச்சி, இடைவெளி, இன்னொரு குச்சி. வேப்பமரத்துக் காற்று ஜன்னல் வழியே வந்து முகத்தில் அடித்தது. மூன்றாம் குச்சியில் விரல் நின்றபோது கம்பெனியில் வெடி போட்டுப் பார்த்தார்கள். அவள் விரலைத் தூக்கி மேலே வைத்தாள். நாலாம் படியில், அம்மா குச்சியால் மறுபடி ஒட்டிக் கொடுத்த அவள் பேர் இருந்தது.

மணி அடித்தது. விரல் அங்கேயே இருந்தது.