அலவாங்கு ஒன்று

மங்காஃப் பங்களாவின் பின்கொட்டகையில் அன்று இருந்தவர்கள் மூன்றே பேர். கமுதிப் பக்கத்துத் தோட்டக்காரன் சோலைமுத்து, யாழ்ப்பாணத்து ஸ்டோர்கீப்பர் இரத்தினசிங்கம், ஹைதராபாத் டிரைவர் கௌஸ் முகம்மது. நாலாவது ஆள் கிடையாது.

எண்பத்து மூன்று டிசம்பர். குவைத்துக் குளிரில் புல்தரை வைக்கோலாய் வெளுத்திருந்தது. வெள்ளைக்கார மேனேஜர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். மார்ச் வரை தோட்டத்தில் வேலை இல்லை. கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு ஒப்படைத்தால் சோலைமுத்துவுக்கு லீவு. நாலு வருஷத்தில் முதல் லீவு.

புல் வெட்டும் மெஷினில் பெட்ரோலை வடித்து, அடியில் இறுகியிருந்த பச்சைக் கசடைச் சுரண்டி எடுத்தான். இரும்பையெல்லாம் டீசலில் துடைத்து, மரப்பிடிகளுக்குத் தன் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயையே தேய்த்தான். ஒவ்வொன்றையும் சாக்கில் சுற்றிச் சுவரோரம் சார்த்தினான்.

இரத்தினசிங்கம் இங்கிலீஷ் லிஸ்டைத் தமிழாக்கி வாசித்துக்கொண்டே வந்தார்.

"அலவாங்கு ஒண்டு. எங்கை?"

அந்தச் சொல்லைச் சோலைமுத்து பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. என்னவென்று கேட்டால், நாலு வருஷம் வேலை பார்த்தவனுக்குக் கருவியின் பேர்கூடத் தெரியாதா என்பார். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்கிற குடும்பம் இல்லை அவனுடையது.

"அப்படி ஒண்ணு இங்கன கிடையாதுங்க," என்றான் விறைப்பாக.

இல்லை என்று எழுதிக்கொண்டார். அது கிடைத்தபிறகுதான் லீவுத் தாள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு சாமான் மாஃபி, காணோம் என்று கௌஸ் முகம்மது கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் போய்ச் சொன்னான்.

அந்தப் பங்களாவில் அவனோடு தமிழ் பேசும் வாய் இரத்தினசிங்கத்தினுடையது ஒன்றுதான். அதுவும் மூன்று நாள் மூடிக்கொண்டது. வருவார், சுவரோரம் ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார். சோலைமுத்து தனியாகக் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். எண்ணெய் போட்டதற்கே மறுபடி எண்ணெய் போட்டான். களவாணி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

நாலாம் நாள் காலையில் தோட்டத்துத் தண்ணீரை அடைக்க வேண்டியிருந்தது. வால்வுக் குழியின் சிமெண்டு மூடி அசையவில்லை. நெம்புவதற்கு ஏதாவது தேடி இரத்தினசிங்கம் கொட்டகைக்குள் போய் நீளமான சாக்குச் சுருள் ஒன்றைப் பிரித்தார். அப்படியே நின்றார்.

"இந்தா நிக்குதே அலவாங்கு! இல்லையெண்டு சொன்னனீர்?"

"இது கடப்பாரைங்க."

கௌஸ் முகம்மது, தங்கள் உருதுவில் அதற்குப் பேர் சப்பல் என்று சொல்லிச் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. இரத்தினசிங்கம் லிஸ்டில் அடித்துத் திருத்தி, லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். "கேட்டிருக்கலாமே, தம்பி," என்றார் மெதுவாக.

நீங்களும் கேட்டிருக்கலாம் என்று சோலைமுத்துவின் நாக்குவரை வந்தது. மூடியை நெம்பித் திறந்து, கடப்பாரையைத் துடைத்து, பழையபடி சுற்றி வைத்தான். அவர் வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் குடிக்கவில்லை.

அவன் ஊர் வந்து சேரும் முன்பே, அவன் பொறுப்பில் ஒரு சாமான் காணோம் என்று கேம்ப்பிலிருந்து ஊர்க்காரன் ஒருவன் எழுதிய கடிதம் வந்துவிட்டது. கம்பெனி இரும்பைத் திருடி விரட்டப்பட்டான் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். எதுவும் காணாமல் போகவில்லை. சோலைமுத்து லீவில் வந்தான், மார்ச்சில் அதே வேலைக்குத் திரும்பிப் போனான்.