ஈரமணல் பானையும் இரத்தினம்மாவின் குப்பியும்

தொண்ணூற்று மூன்றில் எங்கள் பெண்கள் மருத்துவ வாட்டின் குளிர்சாதனப் பெட்டிக்குள் பழைய போர்வைகள்தான் இருந்தன. யுத்தத்தால் மின்சாரம் நின்று மூன்று வருடம். இன்சுலின் குப்பிகளை ஈரமணல் நிரப்பிய மண்பானையில் புதைத்து வைப்போம். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து அந்தப் பானையைக் காத்தவள் நான், தாதி மரியநாயகி.

நீர்வேலி ஊர் இரத்தினம்மா சலரோகத்தால், அதுதான் சீனி வருத்தத்தால், அடிக்கடி வந்து படுப்பவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தான் தின்ன முடியாத வாழைப்பழத்தில் ஒரு சீப்பு எனக்கென்று கொண்டுவருவார். நானும் உருகிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த முறை ஆஸ்பத்திரியில் இன்சுலின் தட்டுப்பாடு. அவர் கணவர் சீவரத்தினம் கொழும்புக்குப் போய், திரும்பும்போது நேவி சுடும் கிளாலிக் கடலில் இரவு வள்ளம் ஏறி, ஒரு குப்பி கொண்டுவந்தார். வாட்டே அவரை வாயைப் பிளந்து பார்த்தது. இரத்தினம்மா அதை மாலையில் என்னிடம் தந்தார். பிளாஸ்ரரில் பெயர் எழுதி ஒட்டிப் பானைக்குள் வைத்தேன்.

நாலு நாள் ஊசி போட்டேன். நாலு நாளும் சலத்தை, அதாவது சிறுநீரை, நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறம். சீனி இறங்கவே இல்லை. இரத்தினம்மாவுக்கு மயக்கம் வரத் தொடங்கியது. பெரிய டொக்டர் அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருந்த கடைசிக் குப்பியை எடுத்துத் தந்தார். மறுநாள் பச்சை, அதற்கடுத்த நாள் நீலம். சீனி இறங்கிவிட்டது.

சீவரத்தினம் வாட் நடுவில் நின்று கத்தினார். "நான் உயிரைக் குடுத்துக் கொண்டுவந்த மருந்தை இவ எடுத்துப்போட்டுத் தண்ணியை விட்டு வைச்சிருக்கிறா, டொக்டர்!"

 நேரே இரத்தினம்மாவின் கட்டிலடிக்குப் போனேன்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நான் அப்பிடிச் செய்வனோ?"

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பானை வேறொருத்தியின் பொறுப்புக்குப் போனது. என்னைப் புண்ணுக்கு மருந்து கட்டும் அறைக்கு மாற்றினார்கள். தாதிகளை மிஸி என்பார்கள்; 'தண்ணி மிஸி' என்ற பெயர் ஆஸ்பத்திரி முழுக்க என் பின்னால் வந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த அறை வாசலில் இரத்தினம்மா வந்து நின்றார். கையில் புதுக் குப்பி.

"தங்கச்சி, என்னைத் திரும்பவும் வாட்டிலை படுக்கச் சொல்லி மறிச்சுப் போட்டினம். இதை நீயே எங்கையாவது ஈரத்திலை வைச்சு, நேரத்துக்கு வந்து போட்டுவிடு. மற்றவையிட்டைக் குடுக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

"தண்ணி கலக்கிறவளிட்டையோ குடுக்கிறியள்?"

அவர் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ செய்யேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஆமிச் செக்கிங்கிலை பறிச்சுப் போடுவாங்கள் எண்டு அவர் குப்பியைச் சுடுதேத்தண்ணி பிளாஸ்குக்கை ஒளிச்சுப் போட்டுக் கொண்டுவந்தவர். அந்தச் சூட்டிலை மருந்து அவிஞ்சு போச்சு. கையிலை வாங்கேக்கையே சுட்டது. ஆறவிட்டுத்தான் உன்னட்டைத் தந்தனான்."

"அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

"அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மனுசனை எப்பிடிப் பழுது சொல்லுறது? நான் அவரோடையெல்லே சீவிக்க வேணும். உனக்கென்ன, ஒரு வாட் இல்லாட்டி இன்னொரு வாட்."

குப்பியை என் உள்ளங்கையில் வைத்து, தானே என் விரல்களை மடக்கிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.