மேல் பீப்பாய்

"புதுசு ஊத்திக்கிட்டே இருந்தா, பழசு தீர்ந்துபோயிடாதாப்பா?"

எட்டு வயதில் கேட்ட அந்தக் கேள்வி, அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணம்மாவுக்கு நினைவு வந்தது. ஏன் வந்ததென்று தெரியவில்லை. முடிச்சை இழுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் விழுந்திருந்தது.

அப்பா வீரமுத்து, லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாவின் பட்லர். துரை மலாயாவுக்கு வருமுன் ஸ்பெயின் தேசத்தில், ஹெரெஸ் என்ற ஊரில் ஒயின் வியாபாரம் பார்த்தவர். அந்த ஊர் முறைப்படி, பங்களாவின் குளிர்ந்த சாமான் அறையில் மூன்று சிறிய பீப்பாய்களை மரச்சட்டத்தில் மேலும் கீழுமாக ஏற்றி வைத்திருந்தார். மேசைக்கு எடுப்பது கீழ்ப் பீப்பாயிலிருந்து மட்டும், அதுவும் கொஞ்சம்தான். எடுத்ததை நடுப் பீப்பாயிலிருந்து நிரப்ப வேண்டும். நடுவில் குறைந்ததை மேலிருந்து. கப்பலில் வரும் புது ஒயின் மேல் பீப்பாயில்தான் சேரும். கீழ்ப் பீப்பாய்க்குச் சொலேரா என்று பெயர். அது ஒருநாளும் காலியாகக் கூடாது.

அந்த ஒயின் பெத்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையில் செய்தது. குலைகளைப் புல்பாயில் பரப்பி, வெயிலில் வற்றவிட்டுத்தான் பிழிவார்களாம். நம்ம வத்தல் மாதிரி என்பார் அப்பா. பலோமினோ என்று இன்னொரு திராட்சை உண்டு. அதன் ஒயின்மேல் வெள்ளையாக ஆடை படரும், அந்த ஊர்க்காரர்கள் அதைப் பூ என்பார்கள். நன்றாகத் தேறிய பீப்பாய்க்குச் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார்கள், அடுத்த தரத்துக்கு இரண்டு. துரை சொல்லி அப்பா கேட்டது, அப்பா சொல்லி அவள் கேட்டது. ஆனால் அவர் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்ததில்லை. விபூதி பூசாமல் அந்த அறைக்குள் போனதுமில்லை.

அன்று அவள் கேள்விக்கு, புனலைப் பிடித்தபடி அப்பா சொன்னார்.

"மொத்தமா எடுத்தாத்தான் தீரும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா, பழசு புதுசுக்குச் சொல்லிக்குடுத்துக்கிட்டே இருக்கும்."

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. நல்ல இனிப்பு ஒயின் கிடைத்தால் கரண்டி கரண்டியாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். துரை அப்போது சீமைக்குப் போயிருந்தார். அப்பா கீழ்ப் பீப்பாயிலிருந்து ஒரு போத்தல் எடுத்து வந்தார். அவள் பிழைத்தாள். திரும்பி வந்த துரை ஒன்றும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். மன்னித்துவிடுவார் என்பதாலேயே அப்பாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எடுத்ததைத் திருப்பி ஊற்ற அப்பா பல வருஷமாகத் தேடினார். அந்த ரகம் லாபிஸ் கடைகளில் கிடைக்காது. போன மாதம் துரை சாமான் வாங்கச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோதுதான் துறைமுகத்துக் கடையொன்றில் கண்டு ஒரு போத்தல் வாங்கி வந்தார். வந்தவர் நெஞ்சுவலியில் படுத்தார். நேற்றுச் சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மேல் பீப்பாயில ஊத்திடும்மா. கீழ ஊத்திடாத. முறையா எறங்கி வரட்டும். யாருக்கும் தெரிய வேணாம்."

காலை ரயிலில் பாலோவிலிருந்து சித்தப்பா சபாபதி வந்தார். உடலைக் கிடத்த இடம் பண்ணக் கட்டிலை இழுத்தபோது, அடியிலிருந்து போத்தல் உருண்டு வாசல்வரை வந்தது.

சித்தப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"கள்ளுக்கடைப் பக்கம் போனேன்னு என்னய எவ்வளவு ஏசுவாரு எங்கண்ணன். இப்பப் பாருங்கய்யா, கட்டிலுக்கடியில வெள்ளக்காரச் சரக்கு."

மேளக்காரர்கள் சிரித்தார்கள். சித்தப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணனும் தன்னைப் போல ஒருவன்தான் என்று தெரிந்ததில் அவருக்குக் கண்கூடக் கலங்கியது. செத்தவருக்குப் பிடித்ததைத் தலைமாட்டில் வைப்பது வழக்கம். கொஞ்சம் வைத்துவிட்டு, மிச்சத்தை மேளக்காரர்களுக்கு ஊற்றலாம் என்றார். கட்டைவிரல் தக்கையின்மேல் போயிற்று.

உண்மையைச் சொன்னால் அப்பா திருடர். சும்மா இருந்தால் ஒளித்துக் குடித்தவர். இரண்டிலும் போத்தல் போய்விடும். கிருஷ்ணம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடைக்கட்டின் ஓரத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அதைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அத வைங்க சித்தப்பா. அது எனக்கு வாங்கினது."

"ஒனக்கா?"

"எனக்குத்தான். நான்தான் குடிக்கிறது."

ஒப்பாரி அப்படியே நின்றது. வாய்க்கரிசி புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கருப்பாயி முறத்தைவிட்டுத் தலை நிமிராமலே சொன்னாள்.

"ஆமா, நான்தான் வாங்கியாரச் சொன்னேன். மாசாமாசம் வயித்து வலியில துடிக்கிறா புள்ள. பொம்பள மருந்த மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறியே, வையிய்யா கீழ."

சித்தப்பா சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

கருப்பாயிக்கு ஒன்றும் தெரியாது. அன்றும் கேட்கவில்லை, பிறகு எந்நாளும் கேட்கவில்லை. சாமி சில நேரம் இப்படித்தான், முறத்தோடு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

பிற்பகலில் அப்பாவைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அழுதுடு தாயி, அழுதுடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிருஷ்ணம்மா ஈரத்தரையில் யார் யார் கால் பதிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. விளக்கு ஏற்றியதும், சாமான் அறைச் சாவியைத் துரையிடம் சேர்க்க வேண்டும் என்றாள். தீட்டு வீட்டை விட்டுப் போகக் கூடாதென்று ஒருத்தி தொடங்கினாள்.

"போய்ட்டு வா. வெளக்கு அணையாம நான் பாத்துக்கறேன்" என்றாள் கருப்பாயி.

துரை இன்னும் ஆபீசிலிருந்து திரும்பவில்லை. கிருஷ்ணம்மா முந்தானைக்குள் மறைத்த போத்தலோடு பங்களாவின் சாமான் அறையைத் திறந்தாள். புளித்த வாசனையும் ஈரமர வாசனையும் வந்தன. அப்பாவின் சட்டையில் இருக்கும் வாசனை. முக்காலியில் ஏறி மேல் பீப்பாயின் தக்கையை எடுத்தாள். நீளக் குழல் வைத்த புனல் ஆணியில் தொங்கியது. குழலின் நுனியில் சிறு துளைகள் இருந்தன, உள்ளே இருப்பதைப் புதுசு இடித்துக் கலக்காமல் இருக்க. அப்பா ஊற்றும்போது சத்தமே கேட்காது. அவள் ஊற்றியபோது முதலில் சத்தம் கேட்டது. கையைத் தாழ்த்தினாள். பிறகு கேட்கவில்லை.

போத்தல் காலியானதும் தக்கையை அடைப்பதற்குமுன் அளவுகோலை விட்டு எடுத்தாள். அதில் அப்பா கீறி வைத்திருந்த கோட்டுக்கு மேலே ஒரு விரல் ஈரம் ஏறியிருந்தது.

முந்தானையால் கோலைத் துடைத்தாள். அது உலரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, அப்பா மாட்டும் இடத்தில் மாட்டினாள்.