பெயர் கீறிய மடல்

செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்து ஆள் ஷஹாத்தா கொண்டுவந்து இறக்கிய கூடையில் என் கணவரின் பெயர் இருந்தது.

கற்றாழை மடல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக மருந்தியல் துறையில் எட்டு மாதமாக இதுதான் என் ஆராய்ச்சி. கழுவி, அடியை வெட்டி, மஞ்சள் கசப்புநீர் வடியச் சாய்த்து வைத்து, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து அரைக்க வேண்டும். அதிலிருந்து தீப்புண்ணுக்குக் களிம்பு. முகப்பூச்சுக் கம்பெனிக்காரன் ஒருவனும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து போகிறான். அவன் களிம்பில் கசப்பும் இருக்கக்கூடாது, வாசனையும் இருக்கக்கூடாது. கற்றாழையே இல்லாமல் இருந்தால் இன்னும் சந்தோஷப்படுவான்.

பதினோராவது மடலில், முள்ளோரமாக, ஊசியால் கீறிய தழும்பு பழுப்பேறிப்போய்த் தெரிந்தது. நாதிர். கையெழுத்து என்னுடையது.

நாதிர் தாமியா வடை பொரித்து விற்கும் கடை வைத்திருந்தார். போன வருஷம் ரஜப் மாதத்தில், எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் மார்பில் ஊசியால் மெல்லக் குத்திக் குத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லியே டாக்டர்! கொஞ்சங்கூட இல்ல. பாத்தியா நஜ்லா, நீதான் ஊரையே கூட்டிட்ட."

அவருக்கு ஒரே சந்தோஷம். தீப்புண்ணில் வலிக்கிற இடம்தான் பிழைக்கிற இடம். நரம்பு வரை வெந்துபோனால் வலி தெரியாது. அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆறாம் நாள் நாதிர் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கும் எங்கும் வலிக்கவில்லை. அழவும் இல்லை. மாமியார் வீட்டில் என்னைக் கல் என்றார்கள். சொல்லட்டும். அவரைப் புதைத்த கபரில் பெயர் பொறித்து நடும் மீஸான் கல்லுக்கு, செதுக்குகிறவன் ஆறு வாரம் ஆகும் என்றான். அதுவரை பெயரில்லாமல் கிடக்க வேண்டாமே என்று, துறையின் மொட்டைமாடியில் இருந்த முதிர்ந்த செடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கபரின் தலைமாட்டில் நட்டு, ஒரு மடலில் பெயரைக் கீறிவிட்டு வந்தேன். தலைமாட்டில் பச்சை இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு நல்லது என்பார்கள்.

அந்த மடல்தான் இப்போது என் கையில் ஈரமாக இருந்தது. கூடையோடு வந்த படிவத்தில், எடுத்த இடம் என்பதற்கு நேரே, 'பில்பைஸ் சாலைத் தோட்டம்' என்று வழக்கம்போல அச்சடித்திருந்தது. எங்கள் ஆய்வே அந்த ஒரே மண்ணையும் அளந்து விட்ட தண்ணீரையும் நம்பித்தான் நின்றது. புண் மூன்று நாள் முன்பே ஆறுகிறது என்று கணக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை கட்டுரையை அனுப்பப் பேராசிரியர் ஷவ்கி புது டை வாங்கி வைத்திருக்கிறார். மடல் வேறு எங்கிருந்தோ வருகிறது என்றால் எட்டு மாதமும் குப்பை. சொல்லாமல் விட்டால் நாதிரின் தலைமாட்டில் வாராவாரம் கத்தி விழும்.

ஷஹாத்தாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது எங்க அறுத்தது?"

"தோட்டத்துலதான் டாக்டரம்மா. வேற எங்க, அரண்மனையிலயா?"

"தோட்டத்துல மடல் மேல பேரு எழுதியா முளைக்குது?"

"பேரா? நான் ஏதோ கீறல்னுல்ல நெனச்சேன். எனக்கு எழுத்து எங்க தெரியும்." குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தோட்டத்துக் கிணறு உப்பாப் போச்சும்மா. செடியெல்லாம் என் மச்சான் விரல் மாதிரி எலும்பும் தோலுமா நிக்குது. ஷவ்கி ஐயாகிட்ட போய்ச் சொன்னேன். கிணத்தப் பத்தி உன்னை யாரு கேட்டான்னு வெரட்டிட்டாரு. மையவாடியில பாருங்க, வெள்ளிக்கிழமையானா சொந்தபந்தம் வந்து குடம்குடமா ஊத்துது. கொழுகொழுன்னு இருக்கு. ஒரு கபருக்கு ஒரே மடல்தான். உள்ள இருக்கறவங்க என்ன களிம்பா பூசப்போறாங்க?"

கோபப்பட வேண்டிய இடம். உள்ளே தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. படிவம் படிக்கிற குரலில்தான் கேட்டேன்.

"அந்த வீட்டு ஆளுங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"இந்தக் கபருக்கா? நல்லா கேட்டீங்க போங்க!" மடலை வாங்கித் தழும்பை விரலால் தடவினார். "இதுக்கு ஆளே கிடையாதும்மா. ஒரு கல்லுகூட நடல. நான் மொதல்ல பாக்கும்போது செடி செவந்து சுருங்கிக் கெடந்துச்சு. யாரோ அநாதை போலன்னு நாந்தான் வாராவாரம் தண்ணி ஊத்தித் தேத்துனேன். மடல் எடுக்கறோமேன்னு ஒரு ஃபாத்திஹாவும் ஓதிருவேன். பாவம், பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்திருந்தா இப்பிடி விட்டிருப்பாளா?"

செடியை நட்ட அன்று திரும்பிப் பார்க்காமல் வந்தவள்தான். அதற்குப் பிறகு நான் போகவே இல்லை. கல் செதுக்குகிறவன் இரண்டு முறை ஆள் அனுப்பினான். அடுத்த வாரம் என்றேன்.

பேனாவை எடுத்துப் படிவத்தில் தோட்டத்தை அடித்தேன். 'மையவாடி, நாதிரின் கபர்' என்று எழுதினேன். நீர் விட்டவர் என்ற இடத்தில் ஷஹாத்தா என்று எழுதினேன்.

"என்னம்மா எழுதறீங்க?"

"நடந்தத."

"ஐயோ, எட்டு மாசமும் போயிருமே! ஷவ்கி ஐயா என் தோலை உரிச்சு அரைச்சுருவாரு."

"நான் சொல்லிக்கிறேன். கிணத்தப் பத்தி நீங்க சொன்னதையும் சொல்றேன்." பேனாவை மூடினேன். "வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு அண்ணே தண்ணி ஊத்தப் போவீங்க?"

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு. ஏம்மா?"

"நானும் வர்றேன். அவரு அநாதை இல்ல. பொண்டாட்டி இருக்கா."

ஷஹாத்தா மடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த குல்லாவை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு வலித்தது. எந்த இடத்தில் என்று அந்த டாக்டர் கேட்டிருந்தால் விரல் வைத்துக் காட்டியிருப்பேன்.