கட்டாத ஓர் ஆட்டம்

கல்லூரி வாலிபால் அணியின் கேப்டனுக்கு அன்று காலையிலிருந்தே எதுவும் தொண்டைக்குள் இறங்கவில்லை. இறங்குமா என்ன? உயரத்துக்காக அணியில் எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடும் அவளுடைய உயிர்த்தோழி, செல்போனில் பந்தயம் கட்டி மாட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் சொந்த அணியின் ஆட்டங்கள்மேல். சனிக்கிழமை இறுதி ஆட்டம் வேறு.

விசாரணைக்கு மூன்று பேர். அவளை அணியிலிருந்தே தூக்க வேண்டும் என்று பிரின்சிபால் ஒற்றைக்காலில் நின்றார். ஜெயிப்போம் என்றுதானே கட்டினாள், தோற்போம் என்றா கட்டினாள், ஆடிவிட்டுப் போகட்டும் என்றார் பி.டி. மேடம். மூன்றாவது ஓட்டு கேப்டனுடையது. நல்ல வேலை கொடுத்தார்கள் போங்கள்!

ஆடட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மேசையிலிருந்த பட்டியல் கண்ணில் பட்டது. ஆறு ஆட்டங்களில் ஐந்துக்குப் பந்தயம், எல்லாம் தங்கள் அணி ஜெயிக்கும் என்று. நாலாவது ஆட்டம் மட்டும் காலி. அன்றுதான் கேப்டனின் விரல் வீங்கியிருந்தது. டேப்பைச் சுற்றி மறைத்துக்கொண்டு, எப்போதும்போல அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். அது ஒட்டகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

கேப்டனுக்குச் சுருக்கென்றது. ஒரு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு, வராந்தாவில் நின்றவளிடம் போனாள்.

"அன்னைக்கு நான் சொதப்பிடுவேன்னு நினைச்சியா?"

"இல்லடி. பணம் கட்டிட்டா, பந்தை எனக்கே போடு, எனக்கே போடுன்னு உன் உயிரை வாங்குவேன். அந்த விரலை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? அதான் விட்டுட்டேன்."

கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதிதான் இறங்க மறுத்தது.

"அப்ப மத்த அஞ்சு நாளும்?"

ஒட்டகம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஐந்து நாளும் மற்றவர்களுக்குப் போக வேண்டிய பந்தையெல்லாம் கத்திக் கத்தித் தனக்கே வாங்கிக்கொண்டதாக ஒத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து மற்ற இருவரிடமும் அதையே சொன்னாள்.

இந்த சீசன் அவள் ஆடக் கூடாது, அணியை விட்டுத் தூக்கவும் கூடாது, அடுத்த சீசனில் ஆடலாம் என்றாள் கேப்டன். சொல்லும்போதே அழுகை முட்டியது. பி.டி. மேடத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிரின்சிபால், தானாக வந்து சொன்ன பெண்ணாயிற்றே என்று சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

மறுநாள் பயிற்சிக்கு ஒட்டகம் வரப்போவதில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடப்பாள் என்றே கேப்டன் நினைத்திருந்தாள். போனால், முதல் ஆளாக நிற்கிறாள். அவள் இடத்தில் ஆடப்போவது இதுவரை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த, சுண்டெலி என்று கூப்பிடும் குட்டைப் பெண். எங்கே கால் ஊன்றி எழும்ப வேண்டும் என்று அவளுக்கு ஒட்டகம் காட்டிக்கொண்டிருந்தாள். சுண்டெலி மூன்று தடவை வலையிலேயே அடித்தாள்.

ஒட்டகம் கேப்டன் பக்கம் திரும்பினாள். "இவளுக்கு ஒரு சாண் தாழ்வா போடுடி. எனக்குப் போடற மாதிரி போட்டா எட்டாது."

கேப்டனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு, ஒரு சாண் தாழ்த்திப் போட்டாள்.