வெளிச்சத்தில் பார்த்து எடுக்கவும்

மனநல ஆலோசகர்கள் ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவுக்கு மேலே இருந்தார்கள். அவர்களை நிறவாரியாக மடித்து அடுக்கியிருந்தார்கள். ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்கட்டு கண்ணில் படும்படியாக மெத்தையில் உட்கார்ந்தாள்.

"என்ன விசேஷத்துக்குக்கா?" என்றார் விற்பனையாளர் தணிகாசலம்.

"நடந்து முடிஞ்சதுக்கு."

"அதுக்கும் புதுசா நிறைய வந்திருக்கு."

பதினோரு வருடத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முதலாளி, அவள் உள்ளே இருக்கும்போது அறையைத் தாழிட்டார். தெருவே அவரை நல்லவர் என்றது. இன்றும் சொல்கிறது. அதன் பிறகு ஜெசிந்தா யாரோடும் மூடிய அறையில் உட்கார்ந்ததில்லை. தூக்கமும் போய்விட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடம் என்பதுதான் சிக்கல். 'எடுத்த ஆலோசகர் திரும்பப் பெறப்பட மாட்டார்' என்று சுவரில் போர்டு தொங்கியது.

தணிகாசலம் ஒருவரை உருவி, உதறி விரித்தார். கண்ணாடி போட்ட ஆள் மடிப்புக் கலையாமல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"புரியுது," என்றார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"புரியுது."

"மடிச்சு வைங்க," என்றாள் ஜெசிந்தா.

அடுத்து வந்த பெண் நோட்டில் எழுதிக்கொண்டே விரிந்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"உங்க அட்ரஸ்."

"நான் சொல்லலையே."

"வழக்கமா எழுதறதுதான்."

மூன்றாமவர், மன்னித்தால்தான் நிம்மதி வரும் என்றார். அவர் முழுதாக விரியக்கூட இல்லை. ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அக்கா, மாசத்துக்கு நாப்பது பேர் எடுக்கிற ரகம் இது. தாசில்தார் வீட்டுக்கே போயிருக்கு."

"அதான் வேண்டாங்கறேன்."

நான்காமவர் பழுப்பு. குரல் மெதுவாக இருந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

"வெளிச்சத்துல பார்க்கணும்," என்றாள்.

கடையில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. டியூப் லைட்டில் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது. மூன்று மாடி இறங்கினார்கள். இறங்கும்போது ஒன்பது மாடி ஆகியிருந்தது. வாசல் வெயிலில் அவர் முகம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முதலாளியின் முகமாக இருந்தது. லேசாகத்தான்.

"பழுப்புன்னா கொஞ்சம் அப்படித்தான் அடிக்கும்க்கா. துவைச்சா போயிடும்."

"நீங்களே துவைச்சுக்கோங்க."

மேலே திரும்பியபோது மெத்தையில் குவியல் இடுப்பளவு உயர்ந்திருந்தது. தணிகாசலம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடித்தட்டில் கைவிட்டார். கசங்கிய ஒரு பெண்மணியை இழுத்தார்.

"பழைய ஸ்டாக். பேர் கோமளவல்லி. யாரும் எடுக்கலை."

"ஏன்?"

"எது கேட்டாலும் தெரியாதுங்குது."

அவளையும் வெயிலுக்குக் கொண்டுபோனார்கள். நிறம் மாறவில்லை. ஜெசிந்தா முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தாள். மாறவில்லை.

"நீங்க நல்லவங்களா?"

"தெரியாதும்மா. நானே சொன்னா நம்பிடுவியா?"

"நான் பாதியில எழுந்து போனா?"

"போ. எனக்கு வருத்தமா இருக்கும். அது என் பாடு."

"போர்டுல திரும்ப எடுக்க மாட்டோம்னு போட்டிருக்கே."

"அது கடைக்காரங்க எழுதினது."

ஜெசிந்தா டிரையல் ரூம் கதவு வேண்டும் என்றாள். கதவு மட்டும். தணிகாசலம் கழற்றிக் கொடுத்து, பில்லில் 'பிளவுஸ் பிட்' என்று எழுதினார்.

கதவைப் பெண்கள் இருவரும் தூக்கிப் போனார்கள். கோமளவல்லியை முன்னால் நடக்கச் சொன்னாள் ஜெசிந்தா. பின்னால் யார் வருவதும் அவளுக்குப் பிடிக்காது. கோமளவல்லி ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததை ஜெசிந்தா மனதில் குறித்துக்கொண்டாள்.

ரயில்வே மைதானத்தில் கதவை நட்டார்கள். சுவர் கிடையாது. தாழ்ப்பாள் இருந்த பக்கம் ஜெசிந்தா உட்கார்ந்தாள், மறுபக்கம் கோமளவல்லி. தாழைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் தட்டவில்லை.

ஒரு மணி நேரம் போனது. ஒரு மாடு கதவைச் சுற்றிக்கொண்டு போனது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் இன்னும் முடிவு பண்ணலை."

"சரிம்மா."

"அன்னிக்கு," என்றாள் ஜெசிந்தா கதவிடம், தாழில் வைத்த கையை எடுக்காமல், "தெருப்பக்க ஜன்னல் திறந்துதான் இருந்தது."