எட்டே முக்கால் கிலோ

கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வாங்கும் கடைக்கு வில் தராசு எடுத்துக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பையில் அதைப் பார்த்ததும் என் தம்பி முகத்தைச் சுளித்தான். நான் பொருட்படுத்தவில்லை. எடையளவுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். அடுத்தவன் சொல்லும் எடையை நம்பிப் பழக்கமில்லை.

தம்பிக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பத்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனிடம் இருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் இருபத்தாறு கிலோ. அதை இரண்டு பேர் பிடித்துத்தான் படியிறக்க முடியும். முன்பெல்லாம் அவனுடைய குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு கை பிடிப்பார். இப்போது குழுவும் இல்லை, கையும் இல்லை.

குழு அவனை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. அவனுடைய சத்தம் காதைக் கீறுகிறது என்று காரணம் சொன்னார்களாம். இருபத்தெட்டு வருடம் வாசித்தவனிடம் சொல்லும் வார்த்தையா அது? எங்கள் குடும்பத்தில் யாரையும் எந்த வேலையிலிருந்தும் யாரும் நிறுத்தியதில்லை. அதனால் உறவினர்களிடம், அவனே விலகிவிட்டான் என்று நான் சொல்லி வைத்தேன். அவனோ பழைய ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் சத்தம் மங்கிவிட்டது, அதனால்தான் இவ்வளவும் என்றான். இரண்டு முறை வால்வு மாற்றினான், ஒரு முறை ஸ்பீக்கரையே மாற்றினான். மங்கல் போகவில்லை. பிறகு அறையை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டான்.

இந்த நிலையில்தான் ஒரு ஹோட்டலில் மாலை நேர வாத்தியக் குழுவுக்குக் கிட்டார் ஆள் தேவை என்று செய்தி வந்தது. சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். பெட்டியை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். செய்தி வந்த அன்று சாப்பிட்டு எழுந்தபோது தம்பி என்னிடம் சொன்னான்.

"இதுவும் போச்சுன்னா கிட்டாரைத் துணியில சுத்திப் பரண் மேல போட்டுடுவேன் அண்ணா. அப்புறம் எடுக்க மாட்டேன். அதை இப்பவே சொல்லிடறேன்."

அவன் சொன்னதைச் செய்கிறவன். அந்த ஒரு குணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. சாப்பிட்ட தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவன் மனைவி நின்றிருந்தாள். அதனால்தான் புதன்கிழமை நானும் அவனோடு கடைக்குப் போனேன்.

நீளமான, குறுகலான கடை. சுவர் முழுக்கக் கிட்டார்கள். தரையில் ஆம்ப்ளிஃபையர்களைச் சின்னது, பெரியது என்று வரிசையாக வைத்திருந்தார்கள். கொண்டையில் பென்சில் செருகியிருந்த விற்பனைப் பெண் என் தராசைப் பார்த்தாள்.

"ஐயா, இங்க கிலோ கணக்குல விக்கிறதில்லையே?"

"நாங்க கிலோ கணக்குலதான் வாங்கறோம்மா."

அவள் சிரித்தாள். தம்பியும் அன்று முதல் தடவையாகச் சிரித்தான்.

முதலில் எடுத்தது கையடக்கப் பெட்டி. மூன்று கிலோகூட இல்லை. வாசித்தால் பக்கத்து வீட்டு ரேடியோ போல இருந்தது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒன்று தம்பிக்குப் பிடித்திருந்தது. தராசில் மாட்டினேன், பதினான்கரை. வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். மறுபடி மறுபடி அதையே திரும்பிப் பார்த்தான். இன்னும் இரண்டைப் பார்த்தோம். கடைசியில் பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒரு பெட்டி வந்தது. ஒட்டியிருந்த தாளில் எட்டு கிலோ என்று இருந்தது. என் தராசு எட்டே முக்கால் காட்டியது. முக்கால் கிலோ பொய். ஆனாலும் பத்துக்குள் அடங்கியது. தம்பி ஒற்றைக் கையால் தூக்கிக் கடையை ஒரு சுற்று நடந்து வந்தான், வலிக்கவில்லை என்றான்.

இனிச் சத்தம்தான் பாக்கி. கம்பியை மீட்டிவிட்டுக் குனிந்து குமிழைத் திருப்பினான். சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் அந்தக் குமிழுக்கு ட்ரெபிள் என்று பெயர். ஐந்தில் இருந்ததை ஏழுக்கு வைத்தான். பிறகு எட்டு. பிறகு பத்துக்கே கொண்டுபோனான். அதற்கு மேல் எண் இல்லை. விற்பனைப் பெண் இரண்டடி பின்னால் போனாள். கம்பி வாங்க வந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் பல் கூசியது. இசை எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருக்கும் போல என்று இருந்துவிட்டேன்.

"இப்பதான் கொஞ்சம் தெளிவா வருது," என்றான் தம்பி. "இன்னும் கொஞ்சம் கூட இருந்தா நல்லாயிருக்கும்."

சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு பின்னறையிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, தம்பியிடமிருந்து கிட்டாரை வாங்கி நாலைந்து சுரம்தான் வாசித்தார். ஒன்றும் தெரியாத எனக்கே அது தெரிந்தது. அவ்வளவு நிறைவான சத்தம். கம்பி வாங்க வந்தவர்கூடத் தலையாட்டினார்.

தம்பி மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குங்க."

ரிப்பேர்காரர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதையே வாங்குவதென்று முடிவானதும், பெட்டியைக் கட்டுகிற சாக்கில் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. பெட்டியில குறை இல்ல. தம்பியோட காதை ஒரு தடவை காட்டிடுங்க. ரொம்ப வருஷம் மேடையில இருந்தவங்களுக்கு வர்றதுதான். கூர்மையான சத்தம் அவருக்குக் கேக்கல, அதனால ஏத்திக்கிட்டே போறாரு. பழைய பெட்டியிலயும் அப்படித்தான் பண்ணியிருப்பாரு."

"எங்க குடும்பத்துல யாருக்கும் காதுல குறை கிடையாது," என்றேன்.

அவர் குனிந்து பெட்டியைக் கட்டத் தொடங்கினார். நான்தான் தேவைக்கு மேல் விறைப்பாக நின்றிருந்தேன்.

நான் சொன்னது உண்மையில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கடைசிப் பத்து வருடம் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வந்தவர்கள் சங்கடப்படுவார்கள். "அவர் ஏதோ யோசனையில இருக்கார்" என்று அம்மா சொல்வாள். நாங்களும் அதையே சொன்னோம். ஊர் அவரைப் பெரிய யோசனைக்காரர் என்று மரியாதையாகவே பேசியது. செவிடு என்ற சொல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

மறுநாள் காலை தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த பித்தளை எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. அவனுக்குப் பின்னால் நின்று, அதில் இரண்டு கிராம் கல்லை எடுத்துத் தரையில் போட்டேன். கிணிங் என்று விழுந்து உருண்டது. அவன் திரும்பவில்லை. ஐந்து கிராமைப் போட்டேன். பத்தைப் போட்டேன். அடுப்பறையிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா விழுந்துச்சு?"

அவன் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தான். அவள் என்னைப் பார்த்தாள், தரையில் கிடந்த கற்களைப் பார்த்தாள். கேள்விக்குப் பதில் கேட்காமலே உள்ளே போய்விட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவளும் எங்கள் வீட்டுக்கு வந்தவள்தானே, எங்கள் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் போக மாட்டான், போகாவிட்டால் கிட்டார் மேலே ஏறிவிடும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். அது பாதிதான். என் தம்பியிடம், என் வாயால், அந்தச் சொல்லைச் சொல்வதா என்பது மீதிப் பாதி. அதனால் குறுக்கு வழியில் போனேன். ட்ரெபிள் குமிழில் ஐந்துக்கு நேரே வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன்.

"கம்பெனி அளவுடா இது. இதுக்கு மேல போனா ஸ்பீக்கர் கிழிஞ்சிடுமாம். கடையில சொன்னாங்க."

எனக்காக அந்தப் புள்ளியில் வைத்து ஒரு பாட்டு வாசித்தான். நடுவிலேயே நிறுத்திவிட்டான்.

"என் கை அசையறது எனக்குத் தெரியுது அண்ணா. பாட்டு எங்கயோ போகுது."

பிறகு குனிந்து குமிழைப் பத்துக்குத் திருப்பினான். கிழிந்தால் கிழியட்டும் என்றான்.

சனிக்கிழமை மூன்றரைக்கே போய்விட்டோம். ஹோட்டலின் மேல்மாடிக் கூடம் அது. மேசைகளுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தம்பி தானே தூக்கி வந்தான். நான் கை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்தான். சலவைச் சட்டை, சீவிய தலை, ஒரு கையில் பெட்டி, மறு கையில் கிட்டார். நிமிர்ந்து படியேறினான். அந்த ஒரு நிமிடம் என் மனம் நிறைந்துதான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

குழுத் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், என் வயது இருக்கும், மரியாதை தெரிந்தவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பாட்டு தொடங்கியது. தம்பியின் முதல் மீட்டலுக்கே விரிப்பு போட்டுக்கொண்டிருந்த பெண் தோளைக் குறுக்கினாள். கடையில் கேட்டதைவிட அங்கே மோசமாக இருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. தலைவர் வாசித்துக்கொண்டே, கொஞ்சம் குறைங்க என்றார். தம்பி குறைக்கவில்லை. இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். பிறகு எழுந்து வந்து, அவரே குனிந்து குமிழைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தார். என் வெள்ளைப் புள்ளிக்கு நேராக.

தன் பெட்டியில் அடுத்தவர் கை வைத்ததைத் தம்பி பார்த்தான். அதற்குப் பிறகு, தான் வாசிப்பது அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கம்பியைப் பிய்த்து எறிவது போல அடித்தான். தாளம் முந்தியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"போதுங்க. ரொம்ப நன்றி," என்றார் தலைவர், அவனுக்குப் பின்னாலிருந்து.

தம்பி நிறுத்தவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, போதும்" என்று தலைவர் மறுபடி சொன்னார். குனிந்த தலையோடு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய கூடத்தில் அவன் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். தலைவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை, கேள்வி இருந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் காது மருத்துவர் யாரையாவது அவரே சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் எழுந்து நின்றேன்.

"அவன் ஏதோ யோசனையில இருக்கான்," என்றேன்.

"சரிங்க ஐயா," என்றார் தலைவர். நான் போய்த் தம்பியின் தோளில் கை வைத்தேன். கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான். எல்லோரும் எப்போது நிறுத்தினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் முகத்துக்கு நேரே நின்று கேட்டான்.

"பெட்டிதான் சரியில்லையா அண்ணா? உண்மையைச் சொல்லுங்க."

அப்போதும் சொல்லியிருக்கலாம். உள்ளே விளக்குப் போட வந்த அவன் மனைவி, சுவிட்சில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"ஆமாடா. பெட்டிதான் சரியில்ல. ஏமாத்திட்டாங்க."

தலையாட்டினான். கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றி, இரண்டு இடத்தில் கயிறு கட்டி, ஸ்டூல் போட்டு ஏறி மேலே வைத்தான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். விற்பனைப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பொருளில் கண்ட குறை என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு பொய் எடைக்கு நான் முத்திரை குத்தியதில்லை. எத்தனையோ பேர் வீடு தேடி வந்து கெஞ்சியிருக்கிறார்கள். பேனாவை வாங்கி, ஒலி மங்கலாக இருக்கிறது என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டேன்.

ரிப்பேர்காரர் பெட்டியை மேசையில் வைத்து ஒரு கிட்டாரைச் சொருகி வாசித்துப் பார்த்தார். சரிபார்க்க வேண்டியது அவர் வேலை. வெள்ளைப் புள்ளியில் குமிழ் நின்றிருந்தது. புதன்கிழமை கேட்ட அதே சத்தம் எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. அவர் படிவத்தை வாங்கிப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், நான் எழுதியிருந்ததற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.